அத்தை பேசிய மலையாளம்

என் அத்தை கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்த முதல் வாரமே வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் மலையாளம் கூடாது. புதுப்பெண் போட்ட சட்டத்தைக் கேட்டு மாமியாரும் மாமனாரும் சிரித்திருக்கிறார்கள். அத்தையின் கணவர், எங்கள் அத்திம்பேர், மட்டும் சிரிக்காமல் ஒத்துக்கொண்டார். ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்தச் சட்டம் நடந்தது. அதை யார் முறித்தார்கள், ஏன் முறித்தார்கள் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரம் பக்கம். வாழ்க்கைப்பட்டது வலியசாலை அக்ரகாரத்தில். அத்திம்பேர் குடும்பத்துக்கு மூன்று நான்கு தலைமுறையாகத் திருவனந்தபுரம்தான் ஊர். அவர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, மலையாளத்தில் கோப்பு எழுதும் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 'ஞான்' என்று ஆரம்பித்துவிட்டு 'நான்' என்று திருத்திக்கொள்வாராம். "செருப்பைக் கழட்டறச்சே அந்தப் பாஷையையும் சேர்த்துக் கழட்டி வெச்சுட்டு வாங்கோ" என்று அத்தை சொன்னது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் அப்படியே செய்தார். காலையில் மலையாளப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். படித்ததை அடுக்களை வாசலில் நின்றுகொண்டு தமிழில் சொல்வார். இடையில் ஒரு மலையாளச் சொல் நழுவி விழுந்தால் அத்தை கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவர் நிறுத்தி, தமிழ்ச் சொல்லைத் தேடிப் பிடித்து, மேலே போவார்.

அத்தைக்கு மலையாளம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். காதில் விழும் ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரியும். நாக்கில் ஏற்றிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான். பஸ்ஸிலும் கடையிலும் அவள் தமிழில் பேசுவாள், அவர்கள் மலையாளத்தில் பதில் சொல்வார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. ஒருமுறை, ஏன் இப்படி என்று கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு இங்கே 'கழிச்சோ' என்கிறார்களே, சோற்றைப் போட்டுவிட்டு அந்த வார்த்தையை எப்படி வாயில் எடுப்பது என்றாள். அம்பாசமுத்திரத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அவர்கள் வீடு இரண்டாவது வீடு. அப்பா அக்காவை நம்பித்தான் இந்த ஊருக்கு வேலை தேடி வந்தார். நான் கரமனையில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டவள். என் ஆபீஸ் தம்பானூரில். வாரத்தில் பாதி நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வலியசாலைக்குப் போய்விடுவேன். அதனால் அவர்களை விருந்தாளியாக அல்லாமல், வாய் ஓயாமல் சண்டை போடும் வேளைகளிலும் பார்த்திருக்கிறேன். மின்விசிறியை எத்தனையில் வைப்பது, காபிக்குச் சிக்கரி வேண்டுமா, சன்னலைச் சாத்துவதா திறப்பதா, எல்லாவற்றுக்கும் சண்டை. ஆனால் அவள் தனக்கும் தட்டு வைக்காமல் அவர் தன் தட்டில் கை வைத்ததில்லை. மாமியார் இருந்த காலத்திலேயே அப்படித்தானாம். பெண்கள் பிறகுதான் சாப்பிடுவது வழக்கம் என்று மாமியார் சொன்னதற்கு, அத்திம்பேர், எனக்குப் பசிக்கவில்லை, பிறகே சாப்பிடுகிறேன் என்று அடுக்களையில் போய் உட்கார்ந்துகொண்டாராம். தினமும் பசிக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு மாமியார் என்ன செய்வார்? வழக்கத்தை விட்டுக்கொடுத்தார்.

சாயங்காலம் இருவரும் சாலை என்ற பெயருள்ள கடைத்தெருவுக்கு நடப்பார்கள். ஒரு நாள் கால் கிலோ துவரம்பருப்பு, மறுநாள் கொஞ்சம் வெல்லம், அதற்கு மறுநாள் ஒரு தீப்பெட்டி. மாதச் சாமானை ஒரேயடியாக வாங்கிப் போட்டால் என்ன என்று, புதிதாகக் குடித்தனம் தொடங்கியிருந்த நான் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டேன். "வாங்கிப் போட்டுட்டு? அப்புறம் தினம் எதைச் சாக்கு வெச்சு இவரோட வெளியே போறது?" என்றாள் அத்தை.

ஒரு நாள் காலை, நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. குரலில் பதற்றமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அத்திம்பேர் பேப்பர் படிச்சுச் சொல்லிண்டிருந்தார். திடீர்னு என்ன சொல்றார்னே எனக்குப் புரியலை. தமிழுமில்லை, மலையாளமுமில்லை. நீ உடனே வா."

நான் போவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைக் காரில் ஏற்றியிருந்தார்கள். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அத்தை அவருடைய வலது கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அவளைத் திரும்பப் பிடிக்கவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். சீக்கிரம் கொண்டுவந்ததால் உயிருக்குப் பயமில்லை, மற்றதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பெங்களூரில் இருக்கும் அவர்களுடைய ஒரே பிள்ளை அன்று மாலையே விமானத்தில் வந்து சேர்ந்தான்.

சில நாள் அவர் பேசவே இல்லை. கண்ணைத் திறந்து பார்ப்பார், எங்களைத் தெரிந்துகொள்வார், வாயைத் திறந்து மூடுவார். அத்தை கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் படிக்காமல் விட்ட பேப்பர் செய்திகளை என்னிடம் கேட்டுக் கேட்டு அவருக்குச் சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்துக் கேட்டுவிட்டுக் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வார்.

பிறகு ஒரு மத்தியானம், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, அவர் மெல்ல, ஆனால் தெளிவாகச் சொன்னார்:

"வெள்ளம்."

தமிழில் அது ஊரை அடித்துக்கொண்டு போவது. இங்கே அது ஒரு டம்ளர் தண்ணீர். அத்தை சட்டென்று எழுந்து டம்ளரை எடுத்தாள். அவர் வாய்வரை கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"தண்ணின்னு சொல்லுங்கோ."

அவர் அவளையே பார்த்தார்.

"தண்ணி. தண்ணின்னு சொல்லுங்கோ. ஒரே ஒரு தடவை."

அவர் உதடு அசைந்தது. எங்கோ ஆழத்தில் கைவிட்டுத் துழாவுகிற மாதிரி முகம். கடைசியில் மறுபடி "வெள்ளம்" என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. வாசலில் நின்ற நர்ஸ் பெண் உள்ளே வந்து, "அம்மே, கொடுக்கு. பாவமல்லே" என்றாள். அத்தை கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை அவளுடைய இன்னொரு கை அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள்களில் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் மலையாளம். போதும் என்பதற்கு 'மதி', வேண்டாம் என்பதற்கு 'வேண்டா', எங்கே என்பதற்கு 'எவிடெ'. தமிழில் பேசினால் அவருக்குப் புரிவதற்கு நேரமாயிற்று. நீளமாகப் பேசினால் புரியவே இல்லை. நான் மலையாளத்தில் கேட்டால் உடனே தலையாட்டினார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் கோட்டயத்துக்காரி, சின்ன வயசு. இரண்டு பாஷை பேசுகிறவர்களுக்கு இப்படி அடிபட்டால் சில சமயம் ஒன்று முதலில் திரும்பும், மற்றது பின்னால் வரலாம், வராமலும் போகலாம், எது வருகிறதோ அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னாள். இரண்டையும் கலந்து அவரைக் குழப்பக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னாள். "அம்மா சாரினோடு நல்ல போல சம்சாரிக்கணும்" என்றாள் முடிவாக. சம்சாரிப்பது என்றால் இங்கே பேசுவது. வேறு சமயமாக இருந்தால் அத்தை அதைக் கேட்டுச் சிரித்திருப்பாள்.

அந்தப் பெண் போன பிறகு அத்தை வராந்தாவில் என்னோடு நின்றாள். இத்தனை வருஷத்தில் நான் அவள் அழுது பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"என்னோட பேசினதெல்லாம் எங்கேடி போச்சு? ஐம்பது வருஷம் வீட்டுக்குள்ள பேசினதை விட்டுட்டு, ஆபீஸ்ல பேசினது மட்டும் தங்கியிருக்கா?"

அது அப்படியில்லை, முதலில் படித்த பாஷை, சின்ன வயதில் படிந்தது என்று ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "சரி. சாப்பாடு ஆச்சான்னு எப்படிக் கேக்கணும்? அந்த வார்த்தை வேண்டாம். வேற சொல்லு" என்றாள்.

'ஊணு ஆயோ' என்று கேட்கலாம் என்றேன். அதில் கழிக்கிற பேச்சே இல்லை. இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலருகே குனிந்து, "ஏன்னா, ஊணு ஆயோ?" என்றாள். அவள் கையால்தான் சற்று முன்பு கஞ்சி குடித்திருந்தார். ஆனாலும் நிமிர்ந்து பார்த்து, "ஆயி" என்றார். அவர் முகத்தில் அன்றுதான் முதல் முறையாகச் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அத்தை முழுமூச்சாக இறங்கினாள். என்னைக் கண்டால் சொற்களாகக் கேட்டாள். வேலைக்கு வரும் சேச்சியிடம் பேசிப் பேசிப் பழகினாள். டிவியில் சீரியல் எல்லாம் மலையாளத்துக்கு மாறியது. அவள் பேசிய மலையாளம் ஒரு தனி ரகம். வினைச்சொல்லுக்கெல்லாம் அம்பாசமுத்திரத்து வாலை ஒட்டுவாள். மரியாதைக்கு ஒரு 'கோ' சேர்ப்பாள். 'இரிக்குங்கோ', 'குடிக்குங்கோ' என்பாள். இங்கே பெண்கள் புருஷனைச் சேட்டா என்று கூப்பிடுவார்கள். சேட்டன் என்றால் அண்ணன் அல்லவா, அது மட்டும் நம்மால் முடியாது என்று சொல்லிவிட்டாள். 'ஏன்னா' என்று தமிழில் கூப்பிட்டுவிட்டு மீதியை மலையாளத்தில் முடிப்பாள். அத்திம்பேர் அந்த 'ஏன்னா'வுக்கு எப்போதும் திரும்பினார். அது அவருக்கு எந்தப் பாஷையாகக் கேட்டதோ.

அவரும் தேறி வந்தார். இடது கையில் தடி பிடித்து வீட்டுக்குள் நடந்தார். சின்னச் சின்ன வாக்கியங்கள் வந்தன. ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை ஒரு முழுச் செய்தியைத் தட்டுத்தடுமாறி மலையாளத்தில் சொல்லி முடித்தாள். கோவில் குளத்தைத் தூர் வாருகிறார்கள், பம்பு வைத்து இறைக்கிறார்கள் என்பது மாதிரி ஏதோ ஒன்று. அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "மிடுக்கி" என்றார்.

அத்தை பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பின்னாலேயே என்னைக் கூப்பிட்டாள்.

"மிடுக்கின்னா என்ன?"

"கெட்டிக்காரின்னு அர்த்தம் அத்தை."

அது அவளுக்குத் தெரியும். இன்னொரு வாயால் கேட்க வேண்டியிருந்தது. "கல்யாணம் ஆனதிலேருந்து இந்த மனுஷர் என்னைக் கெட்டிக்காரின்னு சொன்னதே இல்லை, தெரியுமா?" என்றாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், முகம் தெரியவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

அவர் தமிழில் அப்படிச் சொல்கிறவரில்லை என்பது உண்மை. அக்ரகாரத்துத் தமிழில் அவர் அளந்து பேசும் ஒரு கௌரவமான கணவர். மலையாளத்தில் அவர் வேறு ஆள். கேலி செய்தார். வருகிறவர் போகிறவர் மாதிரிப் பேசிக் காட்டினார். அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், கரமனைக்காரர், ஸ்கூட்டரில் அடிக்கடி வருவார். அவர்தான் சொன்னார், அத்திம்பேர் ஆபீஸில் மேலதிகாரிகளைப் போல நடித்துக் காட்டுவதில் பேர்போனவர் என்று. மத்தியான இடைவேளையில் பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் ஆள் கூடுமாம். அத்தைக்கு இது புதுச்செய்தி. ஏன் வீட்டில் ஒரு நாளும் செய்யவில்லை என்று அவரையே கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, மலையாளத்தில், அதைத் தமிழில் செய்தால் சிரிப்பு வராதே என்றார். தான் போட்ட சட்டத்துக்காக அத்தை வருத்தப்பட்டாளா என்று எனக்குத் தெரியாது. அவள் வருத்தப்படுகிற ஜாதியில்லை. "சரி, இப்போ செஞ்சு காட்டுங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் பாதி முகம் மட்டுமே அசைகிற நிலையிலும் ஒரு அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோபப்படுவதைச் செய்து காட்டினார். நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அத்தையும் அவரோடு சேர்ந்து சிரித்தாள்.

பிள்ளை மறுபடி வந்தான், இந்த முறை முடிவோடு. பெங்களூரில் அவன் வீட்டுக்கே இருவரையும் கூட்டிப்போவது. லிப்ட் இருக்கிறது, பக்கத்திலேயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள். உறவுக்காரர்கள் எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். நானும் சரி என்றேன். அவன் நல்ல பிள்ளை. ஒவ்வொரு தடவையும் லீவு கேட்டு ஓடி வந்துகொண்டிருந்தான்.

அத்தை எல்லோரையும் பேச விட்டாள். அப்புறம் கேட்டாள், "அங்கே இவரோட யார் பேசுவா?"

"நான் பேச மாட்டேனாம்மா? எனக்கு மலையாளம் தெரியாதா?"

"நீ காலம்பற போனா ராத்திரி வரே. உன் ஆம்படையா மெட்ராஸ்காரி, அவளுக்குத் தெரியாது. குழந்தைகளுக்குத் தெரியாது. வாட்ச்மேன் ஹிந்தி பேசுவான். இங்கே பால்காரர் பேசறார், ஆட்டோக்காரர் பேசறார், கோவில்ல எல்லாரும் பேசறா. அங்கே கூட்டிண்டு போனா உன் அப்பா ஊமை. நான் அவரை ஊமையாக்க மாட்டேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். மறுநாள் அவன் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகள் அடிக்க ஆள் வரவழைத்தான், வாசற்படிக்குச் சரிவு கட்டச் சொன்னான், முழு நாளும் வீட்டில் இருக்க ஒரு ஆளை ஏற்பாடு செய்தான். போகும்போது அப்பாவிடம் மலையாளத்திலேயே விடைபெற்றுக்கொண்டான். பள்ளிக்கூட நாள்களில் அந்த வீட்டுக்குள் அதற்காக அவன் வாங்கிய திட்டுகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

மழை விட்டதும் அவர்கள் மறுபடி சாலைக்குப் போகத் தொடங்கினார்கள். ஆட்டோவில் போய் இறங்கி, கடைத்தெருவில் மட்டும் கொஞ்சம் நடப்பது. முதல் நாள் துணைக்கு நானும் போனேன். அவர்கள் வழக்கமாக வாங்கும் மளிகைக் கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். அத்தையைப் பார்த்தால் அவருக்கு ஊர்ப் பேச்சுதான்.

"வாங்க மாமி. சார்வாளுக்கு இப்பம் எப்படி இருக்கு?"

"அண்ணாச்சி, இனிமே இவர்கிட்ட மலையாளத்திலதான் பேசணும். தமிழ் வரலை அவருக்கு."

அண்ணாச்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார். தனக்கும் அது அரைகுறைதான் என்று அத்தையிடம் தயங்கிச் சொல்லிவிட்டு, அத்திம்பேர் பக்கம் திரும்பினார்.

"சாரே, சுகமாணோ?"

"சுகம்" என்றார் அத்திம்பேர். "பருப்பு உண்டோ?"

"உண்டு சாரே. எத்தற வேணும்?"

அத்தை அளவைச் சொன்னாள், அவளும் மலையாளத்தில். தாமிரபரணித் தண்ணீர் குடித்த இரண்டு பேரும் மலையாளத்தைக் கடித்துத் துப்பி வியாபாரம் பேச, அத்திம்பேர் தடியை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்று இருவரையும் திருத்தினார். கடைக்கு வந்த மலையாளிகள் சாமானை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் முழு நேரமும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். பாதி எனக்கே விளங்கவில்லை. அத்தை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

அவர்கள் மலையாளத்தில் முதல் சண்டை போட்ட அன்று நான் அங்கே இருந்தேன். அது ஒரு பெரிய நாள். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அத்தை குறைக்கவில்லை, அடியோடு நிறுத்திவிட்டாள். அத்திம்பேர் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, இதில் உப்பில்லை என்றார். டாக்டர் சொன்னார் என்றாள் அத்தை. அப்படியென்றால் டாக்டரே வந்து சாப்பிடட்டும் என்று தட்டைத் தள்ளினார். அத்தைக்கு வந்தது பார்க்க வேண்டும் கோபம். நோய் டாக்டருக்கில்லை, உங்களுக்கு என்று ஆரம்பித்தாள். அங்கிருந்து மூச்சு விடாமல் போனாள். தட்டைத் தள்ளுவது எந்த ஊர் வழக்கம், இந்த வயதில் அடம் என்ன, நான் போய்விட்டால் யார் இதைச் செய்வார்கள், எல்லாம் மலையாளத்தில். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. 'கோ'வையும் காணோம். நடுவே, "மிண்டாதெ கழிக்கு" என்றாள். பேசாமல் சாப்பிடு என்று அர்த்தம். எந்தச் சொல்லை ஜன்மத்துக்கும் வாயில் எடுக்க மாட்டேன் என்றாளோ அதையே சொல்லிவிட்டாள், சோற்றுத் தட்டுக்கு முன்னால்.

அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவளுக்கும் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டு மாமி சன்னலில் நின்று, என்ன சத்தம் என்று கேட்டாள். "சும்மா, பேசிண்டிருக்கோம்" என்றாள் அத்தை. உப்பு விஷயத்தில் அவள் இறங்கி வரவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி அவர் சோற்றில் பிழிந்தாள். அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

தமிழ் வருமா என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். ஒருமுறை வந்தது. சாலையில் ஒரு சாமான் வண்டி பின்பக்கமாக வர, அத்தை கவனிக்காமல் நின்றிருக்கிறாள். "பாத்து!" என்று கத்தி, தடியைக் கீழே போட்டுவிட்டு, இடது கையால் அவள் தோளைப் பற்றி இழுத்திருக்கிறார். அண்ணாச்சி கடைப் பையன்கள்தான் இருவரையும் விழாமல் தாங்கிப் பிடித்தார்கள். என்னிடம் அத்தை இதைச் சொன்னபோது வண்டி வந்ததைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்குப் பிறகு 'வா', 'போறும்' என்று இரண்டொரு சொற்கள் எப்போதாவது வந்தன. அதற்கு மேல் வரவில்லை. அவள் வற்புறுத்தவும் இல்லை. "வந்தா வரட்டும், வராட்டா போகட்டும். அதான் எனக்கு இது வந்துடுத்தே" என்றாள்.

நாலு வருஷம் இப்படி இருந்தார்கள். அந்த நாலு வருஷமும் அவர் நோயாளியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. பேச்சுக்காரராக இருந்தார் என்றுதான் நினைவு. போன கர்க்கடக மாசத்துக்கு, அதாவது நம் ஆடிக்கு, முந்தின கர்க்கடகத்தில் அடைப்பு இன்னொரு தடவை வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியில் அதிக நாள் வைக்கவில்லை. அத்தை பக்கத்தில்தான் இருந்தாள். கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் மலையாளிகள். அவரோடு படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள், தெருவில் பழகியவர்கள். முன்பென்றால் அத்தை அவர்கள் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு உள்ளே போயிருப்பாள். இப்போது ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேசினாள். அந்தக் கரமனை நண்பரும் வந்து உட்கார்ந்தார். அத்தைதான் அவரைத் தூண்டினாள், ஆபீஸ் கதை ஏதாவது சொல்லுங்கள், நான் கேட்காத கதையாக இருக்கட்டும் என்று. அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார், பிறகு இன்னொன்று. துக்க வீட்டில் அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். ஒன்றிரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

காரியங்கள் முடிந்ததும் பிள்ளை, அம்மா தனியாக எப்படி இருப்பாள், எப்படிப் பேச்சை எடுப்பது என்று என்னிடம் வந்து தவித்தான். அவன் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. அத்தை தானாகவே பெட்டியை இறக்கி வைத்திருந்தாள். "இங்கே இருந்தது அவர் பேச்சுக்காக. இனிமே உன்னோட வரேன். எனக்கு எந்த ஊரானா என்ன?" என்றாள். வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். கண் கலங்கினது நான்தான்.

பெங்களூரில் காய்கறி வண்டிக்காரியிடம் இப்போது கன்னடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். பேரக்குழந்தைகள் அவள் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம், சிரிக்கட்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் போன் வரும். முதலில் தமிழில் குடும்ப விஷயங்கள். அவை முடிந்ததும், "சரி, இனி கொஞ்சம் மலையாளம் பேசுவோம். விட்டா மறந்துடும்" என்பாள். அவள் பேசுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பிழைகள் வரும், நான் ஒன்றும் சொல்வதில்லை.

போன வாரம் நடுவில் நிறுத்திவிட்டாள்.

"நான் தப்பாத்தானே சொன்னேன் இப்போ?"

"பரவாயில்லை அத்தை, புரியறது."

"புரியறதுக்கா பேசறேன்? அவர் இருந்தா ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்துவார். நீ ஒண்ணையும் திருத்த மாட்டேங்கறே. இனிமே திருத்து."

சரி என்றேன். அவள் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி சொன்னாள். வினைச்சொல்லில் அம்பாசமுத்திரத்து வால் அப்படியே இருந்தது. திருத்தினேன். மூன்றாவது தடவை சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போனாள்.